மதிலுக்குள் அடைபட்ட கடல்: துருக்கிக் கடற்கரைப் பயணத்தைத் திட்டமிடுவோர்க்கு

பயணத்துக்குப் பணம் சேர்ப்போர் பலர். பயணத்தைப் பற்றி முன்கூட்டி எண்ணிப் பார்ப்போர் சிலர். வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம் பிள்ளைகள் விடுமுறையில் குடும்பத்தோடு துருக்கி சென்று வருவது இன்று அரிய செய்தியன்று. உம்ராப் பயணத்தோடு துருக்கியையும் இணைத்து அழைத்துச் செல்லும் பயண ஏற்பாட்டாளர்களும் உளர். அத்தகையோர் அச்சிட்டுத் தரும் பயண நிரல் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்திருக்கும். எட்டு நாளில் இஸ்தான்புல், கப்பதோக்கியா, பமுக்கலே, எபேசு, அந்தால்யா என ஐந்து இடங்கள். இறுதியில் ‘ஓய்வு’ என்னும் பெயரில் கடற்கரை விடுதியொன்றில் இரண்டு நாள். காண வேண்டிய இடங்கள் ஒரு பெட்டியிலும் கடல் மற்றொரு பெட்டியிலுமாக அடைக்கப்பட்டிருக்கும். துருக்கிக் கரையை இவ்வாறு இரண்டாகப் பகுத்தல் பொருந்தாது என்பதும், பகுத்தவர் இரண்டையுமே இழப்பர் என்பதும் என் கருத்து.

துருக்கி மூன்று புறமும் கடல் சூழ்ந்த நாடு. வடக்கே கருங்கடல், மேற்கே ஏஜியன் கடல், தெற்கே மத்தியதரைக் கடல். இத்தெற்குக் கடலைத் துருக்கியர் ‘அக் தெனிஸ்’ என்பர். வெண்கடல் என்பது பொருள். ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட இந்நாட்டுக் கரையில் வெளிநாட்டார் மிகுதியும் நாடிச் செல்வது, மேற்கே இஸ்மீர் நகர் தொடங்கித் தெற்கே அலன்யா வரை வளைந்து செல்லும் பகுதியே. இந்தப் பகுதியில் கடலுக்கும் கல்லுக்கும் உள்ள உறவை அறிய எபேசு நகரின் வரலாறு ஒன்றே போதும்.

எபேசு ஒரு காலத்தில் துறைமுக நகரம். உரோமர் ஆட்சியில் ஆசிய மாகாணத்தின் தலைமை இடமாக விளங்கியது. ஏறத்தாழ 25,000 பேர் அமரத்தக்க அரங்கும், இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பப்பட்ட செல்சசு நூலகமும் அதன் செல்வத்துக்குச் சான்று. நூலகத்தின் முகப்பு பெரிதும் சிதைந்து விழுந்து கிடந்ததை ஆஸ்திரியத் தொல்லியல் குழுவினர் 1970களில் கல் கல்லாகப் பொருத்தி நிறுத்தினர். அரங்கின் வாயிலிலிருந்து சலவைக்கல் பாவிய அகன்ற தெரு ஒன்று நேராக மேற்கு நோக்கிச் செல்லும். அது துறைமுகத் தெரு. இன்று அத்தெருவின் முடிவில் கப்பலும் இல்லை, கடலும் இல்லை. நாணற்புதரும் சதுப்பு நிலமுமே உள்ளன. கடல் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. பகைவர் படையெடுப்பும் நிலநடுக்கமும் நோயும் அந்நகரைத் தாக்கியது உண்மையே. எனினும் அதன் உயிரைப் பறித்தது ஓர் ஆறு. இன்று கூச்சுக் மெந்தெரஸ் எனப்படும் ஆறு ஆண்டுதோறும் கொணர்ந்த வண்டல் துறைமுகத்தை மெல்ல மெல்லத் தூர்த்தது. உரோமப் பேரரசர்கள் தூர் வாரிப் பார்த்தும் பயனில்லை. துறை தூர்ந்தது; வணிகம் தேய்ந்தது; மக்கள் இடம் பெயர்ந்தனர்.

அந்த ஆறு இன்று கடலோடு கலக்கும் இடத்தை அடுத்துப் பமுஜக் என்னும் நீண்ட மணற்கரை இருக்கிறது. எபேசை ஒட்டிய செல்ச்சுக் என்னும் சிற்றூரிலிருந்து கோடைக்காலத்தில் அங்கே சிற்றுந்து ஓடும். காலையில் எபேசின் தெருக்களில் நடந்தவர் மாலையில் அக்கரையில் குளிக்கலாம். அவர் பாதம் பதியும் மணலும், காலையில் கண்ட நகரைக் கொன்ற வண்டலும் ஒரே ஆற்றின் கொடை! இதை அறிந்து குளிப்பவர்க்குக் கடற்கரை எது, வரலாற்றுச் சின்னம் எது என்று பிரித்துச் சொல்லத் தோன்றுமா? எபேசை ஒன்றரை மணி நேரத்தில் சுற்றிக் காட்டிவிட்டு, அடுத்த ஊர்திக்கு விரட்டும் பயண நிரலில் இந்தத் தொடர்பைக் காண வழியில்லை.

செல்ச்சுக்கில் இரண்டு இரவேனும் தங்க வேண்டும் என்று கூறுவதற்கு வேறு காரணமும் உண்டு. அவ்வூர்க் குன்றின்மேல் நின்று பார்த்தால், உலக அதிசயங்கள் ஏழனுள் ஒன்றாகிய ஆர்த்தெமிசு கோயிலின் எஞ்சிய ஒற்றைத் தூண், புனித யோவானின் பெயரிலமைந்த பழைய தேவாலயத்தின் இடிபாடு, 1375இல் கட்டி முடிக்கப்பட்ட ஈசா பெய் பள்ளிவாசல் ஆகிய மூன்றும் ஒரே பார்வையில் அடங்கும். பள்ளிவாசலைக் கட்டியவர் திமிஷ்க் நகரைச் சார்ந்த சிற்பி. எபேசின் பழைய தூண்கள் சில அதனுள் நிற்கின்றன. ஒரு காலத்தவர் செதுக்கிய கல் மற்றொரு காலத்தவரின் கூரையைத் தாங்குகிறது. பயண நூல்கள் பல இப்பள்ளிவாசலுக்கு ஒரே வரியைத்தான் ஒதுக்குகின்றன என்பது வருத்தத்துக்குரியது.

தமிழ் பயில்வோர்க்கு இக்கரையோடு ஒரு சொல்லுறவும் உண்டு. எபேசு உள்ளிட்ட இந்தக் கரைப்பகுதியின் பழம்பெயர் ஐயோனியா. சங்க இலக்கியங்கள் கூறும் ‘யவனர்’ என்னும் சொல்லின் வேர் இப்பெயரே. அரபியரும் துருக்கியரும் கிரேக்க நாட்டைக் குறிக்க வழங்கும் ‘யூனான்’ என்பதும் இவ்வேரினின்று கிளைத்ததே. தமிழகக் கடற்கரையிலும் ஈழத்திலும் வாழும் முசுலிம்களைக் குறிக்கும் ‘சோனகர்’ என்னும் பெயர் யவனர் என்பதன் திரிபே என்பது அறிஞர் பலர் கொள்கை. கடல்வழி வந்தாரை அழைத்த ஒரு பெயர், காலந்தோறும் வந்தவர் மாற, ஆள் மாறித் தங்கிவிட்டது போலும். நம் முன்னோர் நாவில் ஈராயிரம் ஆண்டுகளாகப் புழங்கும் சொல் பிறந்த கரையை விடுதியின் நீச்சல் குளத்தருகே படுத்துக்கொண்டு கழித்து வருதல் முறையோ?

இனி விடுதிகளைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூற வேண்டும். அந்தால்யா மாகாணத்துக்கு 2023இல் மட்டும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வெளிநாட்டார் வந்தனர். அவர்களுள் பெரும்பகுதியினர் ‘அனைத்தும் அடங்கிய கட்டணம்’ என்னும் முறையில் வருவோர். விடுதிக்குள் நுழைந்ததும் கையில் ஒரு பட்டையைக் கட்டிவிடுவர். அதன்பின் உணவு, பானம், குளியல், ஆடல் பாடல் யாவும் மதிலுக்குள்ளேயே கிடைக்கும். பணம் ஏற்கெனவே செலுத்தப்பட்டுவிட்டது. வெளியே சென்று உண்டால் அது வீண் செலவு என்ற எண்ணம் இயல்பாக எழும். ஆகவே விருந்தினர் வெளியே வருவதில்லை. ஊரிலுள்ள உணவகத்தாரும் கடைக்காரரும் கூட்டங்கூட்டமாக வந்திறங்கும் மக்களைப் பேருந்தின் கண்ணாடி வழியே பார்ப்பதோடு சரி.

முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்வோர்க்கு இம்முறை வசதியானது என்பதை யான் மறுக்கவில்லை. அலன்யாப் பகுதியில் மது வழங்காத, பெண்டிர்க்கெனத் தனிக் குளமும் தனிக் கரையும் அமைத்த விடுதிகள் உள்ளன. நம் வீட்டுப் பெண்கள் கூச்சமின்றி நீந்தி மகிழ இடம் கிடைத்தல் பாராட்டத்தக்கதே. ஆண்கள் மட்டும் கடலாட, பெண்கள் பைகளைக் காத்துக் கரையில் அமர்ந்திருக்கும் விடுமுறை விடுமுறையாகாது. ஆயினும் அங்கும் மதில் மதில்தான். ஓரிரு நாள் அவ்விடுதியில் தங்கி, ஏனைய நாள்களை ஊருக்குள் கழிக்குமாறு திட்டமிட முடியும்.

ஊருக்குள் தங்குவதில் என்ன பெருமை என்று கேட்போர் இப்னு பதூதாவின் பயண நூலில் அந்தால்யாவைப் பற்றிய பகுதியைப் படித்தல் நன்று. அவர் 1330களின் தொடக்கத்தில் சிரியாவின் கரையிலிருந்து கப்பலேறி அலன்யாவில் வந்திறங்கினார். அங்கிருந்து அந்தால்யா சென்றார். நைந்த ஆடையும் கம்பளித் தொப்பியும் அணிந்த ஒருவர் வந்து அவரையும் உடன் வந்தோரையும் விருந்துக்கு அழைத்தார். இவ்வேழை நம்மனைவர்க்கும் எவ்வாறு உணவளிப்பார் என்று அவர் ஐயுற்றார். அழைத்தவர் செருப்புத் தைக்கும் தொழிலாளர். ‘அகீ’ எனப்படும் உடன்பிறப்புக் குழுவின் தலைவர். பல தொழில் புரியும் இருநூறு பேர் அவரைத் தலைவராக ஏற்றிருந்தனர். பகலில் ஈட்டியதை மாலையில் பொதுவில் சேர்த்து, வழிப்போக்கர்க்கு உணவிட்டு உபசரிப்பதே அக்குழுவின் நெறி. அந்நகரின் உலர்ந்த சர்க்கரைப் பாதாமிப் பழத்தையும், அதன் கொட்டைக்குள் இருக்கும் இனிய பருப்பையுங்கூட அவர் மறவாது குறித்தார். இதே இப்னு பதூதா ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து மதுரை சுல்தான்களின் நாட்டுக்கும் வந்தவர் என்பதை ஈண்டு நினைவு கூரலாம். அன்று அவர் கையில் பட்டை கட்டிக்கொண்டு மதிலுக்குள் அமர்ந்திருந்தால் நமக்கு அந்தச் செருப்புத் தொழிலாளரைத் தெரிந்திராது.

மதில் எழுந்த வரலாற்றில் ஒரு முரண் உண்டு. 1982ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட துருக்கி அரசியல் சட்டத்தின் 43ஆம் பிரிவு, கடற்கரைகள் அரசின் ஆளுகைக்கு உட்பட்டவை என்றும், அவற்றைப் பயன்படுத்துவதில் பொதுநலனுக்கே முதலிடம் என்றும் கூறுகிறது. 1990ஆம் ஆண்டின் கடற்கரைச் சட்டம் கரை எல்லார்க்கும் சமமாகவும் தடையின்றியும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அதே 1982இல் வந்த சுற்றுலா ஊக்கச் சட்டம், பொது நிலங்களைச் சுற்றுலா முதலீட்டாளர்க்கு ஒதுக்கித் தர வழி வகுத்தது. விளைவு, சட்டப்படி எல்லார்க்கும் உரிய கரைக்குச் செல்லும் பாதை பல இடங்களில் விடுதியின் வாயிலோடு முடிந்துவிடுகிறது. எனவே பயணம் மேற்கொள்வோர் ‘ஹல்க் பிளாஜி’, அதாவது பொதுக் கடற்கரை எங்கே என்று கேட்டறிய வேண்டும். அந்தால்யா நகரின் கொன்யால்தி கரையில் கூழாங்கல் மிகுதி. எனினும் நகர மக்கள் மாலையில் குடும்பத்தோடு வந்து அமரும் இடம் அது.

கரையைத் திறந்து வைத்தல் மட்டும் போதாது. சில வேளை மூடி வைத்தலும் வேண்டும். தால்யான் ஆற்று முகத்தில் உள்ள இஸ்துசு என்னும் மணற்கரை ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர் நீளமுடையது. பெருந்தலைக் கடலாமைகள் கோடையில் முட்டையிட இங்கே வருகின்றன. 1980களில் இக்கரையில் பெரிய விடுதியொன்று கட்டும் திட்டம் எழுந்தது. அங்கே குடிசை அமைத்து வாழ்ந்த ஜூன் ஹைமாஃப் என்னும் ஆங்கிலேய மூதாட்டியும் சூழலியலாளர் பலரும் எதிர்த்துப் போராடினர். திட்டம் கைவிடப்பட்டது, 1988இல் அப்பகுதி சிறப்புப் பாதுகாப்புக்கு உட்பட்டது. அம்மையார் 2022இல் மறைந்தார், கரை இருக்கிறது. முட்டையிடும் பருவத்தில் இரவு நேரத்தில் அங்கே எவரும் செல்லலாகாது. முட்டை பொரித்து வெளிவரும் ஆமைக் குஞ்சு வெளிச்சம் தெரியும் திசையையே கடல் என்று கொள்ளும். விடுதியின் விளக்கொளி அதைச் சாவுக்கு அழைத்துச் சென்றுவிடும். நிலவொளியில் கடற்கரை விருந்து என்று விளம்பரம் செய்வோர் இதை எங்கே எழுதப் போகிறார்கள்!

போத்ரும் நகரம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இன்று செல்வர்களின் படகுத்துறையாக விளங்கும் அவ்வூர், 1925இல் ஒரு தண்டனை. சேவாத் ஷாகிர் என்னும் எழுத்தாளர், படையை விட்டோடிய வீரர்கள் விசாரணையின்றிக் கொல்லப்பட்டது பற்றி ஒரு கதை எழுதியமைக்காக அங்கே நாடு கடத்தப்பட்டார். தண்டனை முடிந்த பின் அவர் தம் விருப்பத்தாலேயே அவ்வூரில் வாழ்ந்தார். அலிகார்னசசு என்னும் அந்நகரின் பழம்பெயரைச் சேர்த்து ‘அலிகார்னசு மீனவன்’ என்று தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டு, மீனவர்களையும் கடற்பஞ்சு எடுப்போரையும் பற்றி எழுதினார். நண்பர்களோடு மரக்கலத்தில் விரிகுடா விரிகுடாவாகச் சுற்றிய அவர் பயணங்களிலிருந்தே ‘நீலப் பயணம்’ என்னும் படகுச் சுற்றுலா பிறந்தது. அந்நகர்க் கோட்டையும் பார்க்கத்தக்கது. உலக அதிசயங்களுள் மற்றொன்றாகிய மவுசோலசு மன்னனின் கல்லறையைப் பிரித்து, அதன் கற்களைக் கொண்டு சிலுவை வீரர்கள் வலுப்படுத்திய கோட்டை அது. கோட்டைக்குள் கடலடித் தொல்லியல் காட்சியகம் அமைந்துள்ளது. காஷ் நகருக்கு அருகே உலுபுருன் முனையில் 1982இல் கடற்பஞ்சு எடுப்பவர் ஒருவர் கண்ட, 3,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட கப்பலின் சரக்கு அங்கே வைக்கப்பட்டுள்ளது. பத்து டன் செம்பு, ஒரு டன் வெள்ளீயம்! பேராசிரியர்கள் தேடிச் செல்லும் முன்பே தொழிலாளி கண்டுவிட்ட கப்பல்.

இன்பச் செலவு பற்றிய கட்டுரையில் துன்பம் எதற்கு என்று சிலர் வினவலாம். எனினும் இக்கரையில் அதைத் தவிர்க்க இயலாது. 1923 சனவரியில் லோசானில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி துருக்கியும் கிரேக்கமும் தம் மக்களை மாற்றிக்கொண்டன. ஏறத்தாழ 12 இலட்சம் கிறித்தவர் கிரேக்கத்துக்கும், ஏறத்தாழ நான்கு இலட்சம் முசுலிம்கள் துருக்கிக்கும் உரியோர் ஆயினர். மாற்றத்துக்கு அளவுகோல் சமயம், மொழி அன்று. ஆகவே துருக்கிமொழி மட்டுமே பேசிய கிறித்தவர் கிரேக்கத்தில் அயலாராயினர். கிரேக்கமொழி பேசிய கிரீட் தீவு முசுலிம்கள் துருக்கியில் அயலாராயினர். ஃபெத்தியே நகரை அடுத்த காயாகொய் என்னும் ஊரில் அன்று வெறுமையான நூற்றுக்கணக்கான கல்வீடுகள் கூரையின்றி மலைச்சரிவில் நிற்கின்றன. அங்கிருந்து சிறிது தொலைவில்தான் ஒலுதெனிஸ் என்னும் புகழ்பெற்ற நீலக் காயல். காயலில் குளிக்கச் செல்வோருள் எத்தனை பேர் அவ்வூருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குகின்றனர்? வடக்கே அய்வாலிக்கில், போனவர் தேவாலயம் வந்தவர் பள்ளிவாசலாயிற்று. அதன் மணிக்கூண்டை வைத்து மக்கள் அதைக் ‘கடிகாரப் பள்ளி’ என்றே அழைக்கின்றனர்.

2015 செப்டம்பரில் போத்ரும் தீபகற்பத்தின் கரையொன்றில் சிரியக் குழந்தையின் உடல் ஒதுங்கியதை உலகமே கண்டது. எதிரே உள்ள கோஸ் தீவு சில கிலோமீட்டர் தொலைவுதான். விடுமுறையாளர் உலாவும் அதே நீரில் வீடிழந்தோர் இரவில் கரையேறத் துடித்தனர். பயணத்தைக் கைவிட வேண்டும் என்று யான் சொல்ல வரவில்லை. பிள்ளைகளோடு அங்கே நிற்கும் தந்தை அவர்களிடம் இதைச் சொல்லலாம் என்கிறேன்.

நடைமுறைச் செய்திகள் சில. சூலை, ஆகத்து மாதங்களில் வெயில் கடுமை. இடிபாடுகளில் நிழலுக்கு மரம் அரிது. 2021 சூலை இறுதியில் மனவ்காத், மர்மரிஸ் பகுதிகளின் காடுகள் பற்றியெரிந்தமை நினைவிருக்கலாம். மே, சூன் தொடக்கம், அல்லது செப்டம்பர் இடை முதல் அக்டோபர் வரை செல்வது நலம். அக்டோபரிலும் தென்கரைக் கடலில் வெதுவெதுப்பு இருக்கும். பள்ளி விடுமுறை குறுக்கிடும் குடும்பத்தார் ஏஜியன் கரையைத் தேர்ந்தால் கோடைக்காற்று சிறிது ஆறுதல் தரும். இலிரா மதிப்பிழந்ததால் துருக்கி மலிவான நாடு என்பது பழைய கணக்கு. ஒரு டாலருக்கு 2010இல் ஒன்றரை இலிரா, 2024இல் முப்பதுக்கு மேல் என்பது உண்மையேயாயினும், விலைவாசியும் உடன் ஏறிவிட்டது. வெளிநாட்டார்க்குரிய நுழைவுக் கட்டணங்கள் யூரோவில் விதிக்கப்படுகின்றன. எபேசுக்கு 2024இல் 40 யூரோ. ஐவர் கொண்ட குடும்பம் நாளொன்றுக்கு மூன்று இடம் என்று ஓடினால் கட்டணத்தாலேயே களைத்துப் போகும்.

பத்து நாள் கிடைத்தால் இஸ்மீர், செல்ச்சுக், போத்ரும் என்னும் மேற்குக் கரை மட்டும். அல்லது ஃபெத்தியே, பத்தாரா, காஷ் என்னும் இலிசியக் கரை மட்டும். அல்லது அந்தால்யாவும் அலன்யாவும் மட்டும். மூன்றில் ஒன்று. இஸ்மீரிலிருந்து செல்ச்சுக்குக்குத் தொடர்வண்டி உண்டு. 1866இல் அய்தீன் வரை திறக்கப்பட்ட பழைய பாதை அது. சிற்றூர்களுக்கிடையே ‘தொல்முஷ்’ என்னும் சிற்றுந்துகள் ஓடும். ‘நிறைந்தது’ என்பது அச்சொல்லின் பொருள். ஆள் நிறைந்தால்தான் புறப்படும். தொலைதூரப் பேருந்துகளில் எலுமிச்சை மணக்கும் நறுநீரைப் பயணிகளின் உள்ளங்கையில் ஊற்றுவது அந்நாட்டுப் பழக்கம். இவற்றுக்கெல்லாம் நேரம் வேண்டும்.

என்னைக் கேட்பின் இலிசியக் கரையைச் சொல்வேன். பத்தாராவில் 18 கிலோமீட்டர் மணற்கரையை ஒட்டி, இலிசிய நகரங்களின் பேராளர்கள் கூடி வாக்களித்த மன்றத்தின் கட்டடம் மணலுக்கடியிலிருந்து மீட்கப்பட்டு நிற்கிறது. அங்கிருந்து கிழக்கே காஷ் நகரின் துறையில் ஒரு மாலையை வேலையின்றிக் கழிக்கலாம். எதிரே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டரில் மெய்ஸ் என்னும் சிறு தீவு. அது கிரேக்க நாட்டைச் சார்ந்தது. பயணப் படகு போய் வந்துகொண்டிருக்கும். இந்தியக் கடவுச்சீட்டு உடையோர் அதில் ஏறுவதற்குத் தனி நுழைவிசைவு வேண்டும். இல்லாதவர் கரையிலிருந்தே அத்தீவின் வீடுகளை எண்ணலாம். விளக்கேற்றிய பின் எண்ணுவது எளிது.